சமையலறை கேஸ் லைன்: செம்பா, ஜிஐ குழாயா? சுவருக்குள் புதைத்ததை அப்படியே விடலாமா?

கார்த்தி_மடிப்பாக்கம்

எல்லோருக்கும் வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு பழைய ஃபிளாட் வாங்கி போன மாதம் குடி வந்தோம். இரண்டு சிலிண்டரும் சர்வீஸ் பால்கனியில் இருக்கின்றன. அங்கிருந்து ஒரு செம்புக் குழாய் சுவருக்குள் நுழைந்து, டைல்ஸுக்குப் பின்னால் எங்கெங்கோ போய், மேடைக்குக் கீழே கப்போர்டுக்குள் தலை காட்டுகிறது. அங்கே ஒரு வால்வு, அதிலிருந்து ஆரஞ்சு டியூப், அப்புறம் அடுப்பு. குழாய் எந்த வழியாகப் போகிறது என்று வீட்டை விற்றவருக்கே நினைவில்லை.

சில நாட்களாகக் காலையில் கப்போர்டைத் திறந்தால் லேசாக கேஸ் வாடை. திறந்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது. பிளம்பர் வந்து வால்வில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை சார் என்று சொல்லிவிட்டுப் போனார். செம்பைப் பிடுங்கிவிட்டு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) போடு என்கிறார் மாமா. செம்பைவிட உயர்ந்தது எதுவும் இல்லை, தொடாதீர்கள் என்கிறார் இன்டீரியர் வேலை செய்கிறவர். தெருவில் குழாய் கேஸுக்காக மஞ்சள் குழாய் பதித்திருக்கிறார்கள், அது வந்தால் இந்தச் செலவே தண்டமாகிவிடுமோ என்றும் யோசனை. சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு. எது சரி?

செல்வம்_பைப்லைன்

சார், செம்பா ஜிஐயா என்பதை அப்புறம் பேசுவோம். முதலில் பால்கனிக்குப் போய் இரண்டு ரெகுலேட்டரையும் மூடி, கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போட்டுவிடுங்கள். லைனைச் சோதித்து முடிக்கும்வரை அதைத் தொட வேண்டாம். அதுவரைக்கும் இண்டக்‌ஷன் அடுப்பில் சமாளியுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். சிலிண்டரில் வருவது எல்பிஜி. அது காற்றைவிட ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு கனம். கசிந்தால் மேலே எழும்பாது, தரையோடு படுத்துக்கொள்ளும். மூடிய கப்போர்டுக்குள் ராத்திரி முழுக்க சேரும். காலையில் நீங்கள் கதவைத் திறந்ததும் வெளியே வழிந்து பரவிவிடும். "கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. கசிவு நிற்கவில்லை, நீங்கள் காற்றோட்டம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

காற்றில் ஏறக்குறைய 2 சதவீதம் எல்பிஜி கலந்தாலே பற்றிக்கொள்ளும். எட்டுக்குப் பத்து அடி சமையலறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், அறை முழுக்க அந்த அளவுக்குக் கலக்க ஏறக்குறைய ஒரு கிலோ கேஸே போதும். ஒரு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. தரையோடு தேங்கி நிற்பதால் இன்னும் குறைவிலேயே கீழ்ப்பகுதி அபாயமாகிவிடும்.

பிளம்பர் சோப்புத் தண்ணீர் தடவியது கண்ணுக்குத் தெரிகிற வால்வில் மட்டும். டைல்ஸுக்குப் பின்னால் அவர் எப்படித் தடவுவார்? சுவருக்குள் கசிகிற கேஸ், குழாய் வெளியே வருகிற ஓட்டை வழியாகத்தான் வரும். அது உங்கள் கப்போர்டுக்குள்தான் இருக்கிறது.

ரேவதி_அம்பத்தூர்

செல்வம் அண்ணா சொல்வதை உடனே செய்யுங்கள் கார்த்தி. கூடவே கப்போர்டு கதவையும் கழற்றி வைத்துவிடுங்கள். எங்கள் குடியிருப்பில் இப்படித்தான் லேசான வாடை என்று விட்டு, கடைசியில் பார்த்தால் மாடுலர் கிச்சன் மாட்டியவர் டிரில் போட்ட திருகு குழாயை உரசிக்கொண்டு நின்றது.

ஆனந்த்_எம்இபி

நான் கட்டட சர்வீசஸ் டிசைன் செய்கிறவன். கொஞ்சம் மாறுபடுகிறேன். செம்பைப் புதைப்பதே தப்பு என்ற மாதிரி பேச்சு போகிறது. நல்ல கனமுள்ள செம்புக் குழாயை, நடுவில் ஒரு ஜாயின்ட்டும் இல்லாமல், ஸ்லீவுக்குள் (சற்றுப் பெரிய உறைக்குழாய்) போட்டு, சில்வர் பிரேசிங் (வெள்ளி கலந்த கம்பியை உருக்கி ஒட்டுவது) செய்து முடித்தால் அது பல வருஷம் தாங்கும். ஜிஐ குழாயில் ஒவ்வொரு முட்டியும் ஒரு மரை, ஒவ்வொரு மரையும் ஒரு கசிவு வாய்ப்பு. பத்தடி லைனில் எல்போ, சாக்கெட், யூனியன் என்று கணக்குப் பார்த்தால் செம்பைவிட ஜிஐயில்தான் ஜாயின்ட் அதிகம்.

செல்வம்_பைப்லைன்

ஆனந்த் சார், ஜாயின்ட் கணக்கு நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் நீங்கள் சொல்கிற மாதிரி போட்ட லைனை நான் வீடுகளில் பார்த்தது குறைவு. பெரும்பாலும் நடப்பது வேறு. ஏசிக்கு வாங்கிய மிச்சச் சுருளைக் கொண்டுவந்து, ஸ்லீவ் இல்லாமல் சுவரைக் கொத்திப் புதைத்து, நடுவில் குழாய் பற்றாமல் போனால் ஈயப் பற்றாசு வைத்து ஒட்டி, மேலே சிமென்ட் பூசி டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். ஈயப் பற்றாசு சீக்கிரம் உருகுகிற சரக்கு, கேஸ் லைனில் அதற்கு இடமே இல்லை. பிரேசிங் என்றால் 450 டிகிரிக்கு மேல் உருகுகிற கம்பியால் செய்வது. பார்த்தாலே வித்தியாசம் தெரியும், ஆனால் டைல்ஸுக்குப் பின்னால் யார் பார்ப்பது?

சிங்க் பக்கத்துச் சுவரில் எப்போதும் ஈரம் ஊறும். உப்பு கலந்த மணலில் பூசியிருந்தால் செம்பும் புள்ளி புள்ளியாக அரிக்கும். கடற்கரை ஊர்களில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

ஜிஐ எடுத்தாலும் கடையில் கொடுத்ததை வாங்கிவரக் கூடாது. குழாயின் மேல் வர்ணப் பட்டை இருக்கும். மஞ்சள் என்றால் லைட், நீலம் என்றால் மீடியம், சிவப்பு என்றால் ஹெவி, அதாவது சி கிளாஸ். கேஸுக்கு சிவப்புப் பட்டைதான். மரை வெட்டினால் குழாயின் கனம் குறையும். லைட் குழாயில் மரை வெட்டினால் அந்த இடத்தில் மிஞ்சுவது தகரம் மாதிரிதான் இருக்கும். அப்புறம் அந்த வெள்ளை டெஃப்லான் டேப். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற மெல்லிய டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றி கேஸ் லைனை முடித்துவிடுகிறார்கள். கேஸுக்குக் கனமான மஞ்சள் டேப் தனியாக இருக்கிறது, இல்லையென்றால் கேஸுக்கான சீலன்ட். சணலும் பெயின்ட்டும் வைக்கவே கூடாது, காய்ந்தால் சுருங்கி வழி விட்டுவிடும்.

என் கருத்து இதுதான்: செம்போ ஜிஐயோ, முறையாகப் போட்டால் இரண்டும் நல்லதுதான். லைன் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சுவருக்கு வெளியே ஓட வேண்டும். சுவரைத் துளைத்துக்கொண்டு போகிற அந்த ஒரு இடத்தில் மட்டும் ஸ்லீவ் வேண்டும், ஸ்லீவுக்குள் ஜாயின்ட் இருக்கக் கூடாது.

முருகேசன்_திருச்சி

என் வீட்டில் சிபிவிசி பிளாஸ்டிக் குழாய் போட்டுத் தருகிறேன், விலையும் குறைவு, துருவும் பிடிக்காது என்று ஒருவர் சொல்கிறார். போடலாமா?

செல்வம்_பைப்லைன்

வேண்டவே வேண்டாம் ஐயா. அது தண்ணீர்க் குழாய். சூடு பட்டால் இளகும், அடி பட்டால் விரிசல் விடும். பக்கத்தில் சின்னதாகத் தீப்பிடித்தாலும் குழாய் உருகி அந்தத் தீக்கே கேஸ் ஊட்டும். தெருவில் பதிக்கிற மஞ்சள் குழாய் பிளாஸ்டிக்தானே என்று கேட்பார்கள். அது எம்டிபிஇ, கேஸுக்கென்றே செய்த சரக்கு, மண்ணுக்கு அடியில் மட்டும்தான் இருக்கும். தரைக்கு மேலே வந்ததும் இரும்புக் குழாய்க்கு மாறிவிடும்.

ஆனந்த்_எம்இபி

செம்பையும் ஜிஐயையும் நேரடியாகச் சேர்க்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்று பட்டால் இரண்டு உலோகம் தொடுகிற இடத்தில் இரும்புப் பக்கம் வேகமாக அரிக்கும். நடுவில் பித்தளை ஃபிட்டிங் வைத்து, மேலே ஈரம் தங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கிளாம்பும் அப்படியே. செம்புக் குழாயை வெறும் இரும்பு கிளாம்பால் கவ்வாமல் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இடையில் வையுங்கள்.

செல்வம் சொன்ன "கண்ணுக்குத் தெரிய வேண்டும்" என்பதில் எனக்கு மறுப்பில்லை. நான் சொன்னது நல்ல வேலை நடந்த இடத்துக்கு மட்டும். கார்த்தி வீட்டில் குழாய் போகும் வழியே தெரியவில்லை என்பதால், அந்த லைனை நம்பச் சொல்ல மாட்டேன்.

கார்த்தி_மடிப்பாக்கம்

நன்றி. ரெகுலேட்டர்களைக் கழற்றி மூடி போட்டுவிட்டேன், கப்போர்டு கதவும் வெளியே. லைனைச் சோதிப்பது என்றால் சரியாக என்ன செய்ய வேண்டும்? யாரைக் கூப்பிட்டாலும் சோப்புத் தண்ணீர்தான் என்கிறார்கள்.

செல்வம்_பைப்லைன்

காற்று ஏற்றிச் சோதிக்கச் சொல்லுங்கள். லைனின் இரண்டு முனையையும் பிரிக்க வேண்டும். இந்தப் பக்கம் ரெகுலேட்டர், அந்தப் பக்கம் அடுப்பு, இரண்டும் லைனோடு இருக்கக் கூடாது. ஒரு முனையை அடைத்து, மறு முனையில் பிரஷர் கேஜும் பம்ப்பும் மாட்டி, காற்றை ஏற்றி வால்வை மூடி, முள் நகர்கிறதா என்று பார்ப்பது. அரை மணி நேரமாவது நிற்க வேண்டும். வெயில் அடிக்கிற பால்கனியில் குழாய் ஓடினால் காலையிலோ சாயந்திரம் வெயில் இறங்கியோ செய்யுங்கள். பத்து டிகிரி சூடு மாறினாலே உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம் 3 சதவீதம் போல மாறும், கசிவு இருந்தும் முள் நிற்பதுபோல் ஏமாற்றும்.

கேஜைவிட நுணுக்கமாகக் காட்டுவது தண்ணீர் மானோமீட்டர். வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதி தண்ணீர், பக்கத்தில் ஸ்கேல். உங்கள் ரெகுலேட்டர் கொடுக்கிற அழுத்தம் 30 மில்லிபார், அதாவது கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் தண்ணீர் உயரம். அந்த அளவுக்குக் காற்று ஊதி அடைத்தால், கடுகளவு கசிவு இருந்தாலும் தண்ணீர் மட்டம் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்குவது கண்ணுக்குத் தெரியும். கேஜ் முள் அசையாத இடத்தில்கூட இது சொல்லிவிடும். வருகிறவரிடம் மானோமீட்டர் இருக்கிறதா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்.

எந்தக் காரணத்துக்கும் தீக்குச்சி கொளுத்தி ஜாயின்ட்டில் காட்டுகிறவரை வீட்டுக்குள் விடாதீர்கள். இன்றும் செய்கிறார்கள்.

ரேவதி_அம்பத்தூர்

குழாயைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம், டியூப்பையும் சிலிண்டரையும் பற்றி நான் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் லைனே கிடையாது, சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப், அடுப்பு, அவ்வளவுதான். அந்த வீடுகளுக்கு இதுதான் முக்கியம்.

ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூப்புக்கு உள்ளே கம்பி வலை இருக்கும். ஆயுள் ஐந்து வருஷம். செய்த வருஷம் டியூப்பின் மேலேயே அச்சடித்திருக்கும், டார்ச் அடித்துப் பாருங்கள். டியூப்பின் இரண்டு முனையையும் லேசாக மடக்கிப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். எங்கள் அம்மா வீட்டில் அழகுக்காகப் பூப்போட்ட பிளாஸ்டிக் உறை மாட்டியிருந்தார்கள். உறையைக் கழற்றினால் உள்ளே அடுப்புப் பக்கத்து முனை எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி, தோல் உரிந்து, கம்பி பளபளவென்று தெரிந்தது. டியூப்புக்கு உறை, துணி, எதுவும் சுற்றாதீர்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும். ஒன்றரை மீட்டருக்கு மேல் நீட்டாதீர்கள், இரண்டு டியூப்பை ஒட்டுப்போடாதீர்கள், சுவர் ஓட்டை, ஜன்னல் வழியாக இழுக்காதீர்கள். எலி கடிக்கும் வீடாக இருந்தால் அடிக்கடி பாருங்கள்.

சிலிண்டர் வந்ததும் மூடியைத் திறந்து வால்வுக்குள் எட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர் வாஷர் வட்டமாக, முழுசாக இருக்க வேண்டும். புது சிலிண்டர் மாட்டிய அன்றைக்கு வருகிற வாடையில் பாதிக்கு மேல் இந்த வாஷரால்தான் என்று எங்கள் ஏரியா டெலிவரி அண்ணனே சொல்வார். அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே ரெகுலேட்டரை மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள். அது அவருடைய வேலைதான், தயங்க வேண்டாம். கைப்பிடிக்குக் கீழே உள்ள பட்டையில் உள்பக்கம் ஒரு எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். அது அடுத்த சோதனைக் கெடு. ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர். பி 29 என்றால் 2029 ஜூன் வரை. தேதி தாண்டியதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பானு_சேலம்

ரேவதி அக்கா, சிலிண்டர் தீரப்போகிற நேரத்தில் எங்கள் வீட்டில் வாடை அதிகமாக வரும். அதுவும் கசிவா?

ஆனந்த்_எம்இபி

எல்பிஜிக்கு இயல்பில் வாடை இல்லை. வாடைக்காக எத்தில் மெர்காப்டன் என்ற கந்தகப் பொருளைத் துளி கலக்கிறார்கள். அது கேஸைவிட மெதுவாக ஆவியாகும் என்பதால் சிலிண்டரின் அடியில் சேர்ந்துகொண்டே வந்து, கடைசியில் அதிகமாக மணக்கும். ஆனாலும் இது கடைசி கேஸ் வாடைதான் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

இந்த வாடை கலக்கும் வழக்கம் பரவியதற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், தரைக்கு அடியில் வாடையில்லாத இயற்கை எரிவாயு கசிந்து சேர்ந்து வெடித்தது. கிட்டத்தட்ட 300 பேர் இறந்துபோனார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். அதன் பிறகுதான் கேஸில் வாடை சேர்ப்பதைச் சட்டமாக்கினார்கள். வாடை வந்தும் நாம் பொருட்படுத்தாமல் இருப்பதைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

முருகேசன்_திருச்சி

கோவிட் வந்து போனதிலிருந்து என் மனைவிக்கு வாசனையே தெரிவதில்லை. டிடெக்டர் வாங்கி ஸ்மோக் அலாரம் மாதிரி சீலிங்கில் மாட்டியிருக்கிறேன். போதுமா?

செல்வம்_பைப்லைன்

வாங்கியது ரொம்ப நல்ல காரியம். ஆனால் இன்றைக்கே இறக்குங்கள் ஐயா. எல்பிஜி தரையோடு வரும், டிடெக்டர் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும். சீலிங்கில் இருந்தால் அது அலறுவதற்குள் அறையே நிறைந்துவிடும். குழாயில் வருகிற இயற்கை எரிவாயுவுக்குத்தான் மேலே மாட்ட வேண்டும், அது பெரும்பாலும் மீத்தேன், காற்றைவிட லேசு. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், ஆவியும் எண்ணெய்யும் சென்சாரைக் கெடுக்கும். சென்சாருக்கும் ஆயுள் உண்டு, பெட்டியில் போட்டிருக்கும் வருஷத்தோடு மாற்றுங்கள்.

காற்றுப்போக்கும் இதே கணக்குத்தான். சிலிண்டரைக் கப்போர்டுக்குள் வைத்தால் கதவின் அடிப்பக்கம் ஓட்டை வேண்டும். மேலே எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்பது எல்பிஜிக்குப் பதில் ஆகாது.

பானு_சேலம்

ராத்திரி திடீரென்று வாடை வந்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்கிறார்கள், வேண்டாம் என்று நான் சொல்கிறேன். எது சரி?

ஆனந்த்_எம்இபி

சுவிட்சைப் போட்டாலும் பொறி வரும், அணைத்தாலும் பொறி வரும். அதனால் வாடை இருக்கும் இடத்துக்குள் லைட், ஃபேன், எக்ஸாஸ்ட் எதையும் தொடக் கூடாது. ஓடுவது ஓடட்டும். மெயின் வீட்டுக்கு வெளியே, கீழே மீட்டர் போர்டில் இருந்தால் அங்கே போய் அணைக்கலாம், அணைப்பது நல்லதும்கூட. ஏனென்றால் ஃபிரிட்ஜ் யாரும் தொடாமலேயே தானாக ஓடி தானாக நிற்கும், அதன் ரிலேயில் பொறி உண்டு. வீட்டுக்குள் மெயின் இருந்தால் விட்டுவிடுங்கள்.

எரிகிற சாமி விளக்கு, ஊதுபத்தி இருந்தால் அணைத்து, அடுப்புக் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே கொண்டுபோங்கள். ரெகுலேட்டரை மூடியும் சத்தம் நிற்காவிட்டால் கழற்றி, சிலிண்டரில் கயிற்றோடு தொங்கும் அந்த மூடியை வாயில் அழுத்தி மாட்டுங்கள். அந்த மூடியைத் தூக்கி எறிந்த வீடுகள் எத்தனையோ. போன் வெளியே போய்ப் பேசுங்கள். கேஸ் கசிவு அவசர எண் 1906, எந்நேரமும் எடுப்பார்கள். தீ பிடித்துவிட்டால் 101.

ரேவதி_அம்பத்தூர்

கேஸ் கீசர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாத்ரூமுக்குள் வைக்கவே வைக்காதீர்கள். அங்கே பயம் கசிவு மட்டும் இல்லை. மூடிய அறையில் காற்று போதாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு வாடையே கிடையாது. குளிக்கப் போனவர் மயங்கி விழுவது இதனால்தான். அடுப்பிலும் நீலச் சுடர் மாறி மஞ்சளாக எரிந்து பாத்திரம் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கார்த்தி_மடிப்பாக்கம்

தாமதத்துக்கு மன்னிக்கவும். மானோமீட்டர் வைத்திருக்கிறவரைத் தேடிப் பிடிக்க நேரமாகிவிட்டது. இன்று வந்து பார்த்தார். 30 சென்டிமீட்டருக்கு ஏற்றி அடைத்ததுமே தண்ணீர் இறங்க ஆரம்பித்தது, டீ குடித்து முடிப்பதற்குள் பாதிக்கு வந்துவிட்டது. கப்போர்டில் உள்ள வால்வில் கசிவில்லை, பிளம்பர் சொன்னது சரிதான். குழாய் சுவரிலிருந்து வெளியே வரும் இடத்தில் சோப்பு நுரையை வைத்தால் குமிழ் குமிழாகப் பொங்கியது. சிங்க்குக்குப் பின்னால் இரண்டு டைல்ஸை எடுத்ததும் தெரிந்துவிட்டது. செம்புக் குழாயின் நடுவில் ஒரு ஒட்டு, ஈயப் பற்றாசு வைத்தது, சுற்றிலும் பச்சை பூத்து, ஈரச் சுவருக்குள் இருந்திருக்கிறது.

பழைய லைனை இரண்டு முனையிலும் நிரந்தரமாக அடைத்துவிடச் சொல்லிவிட்டேன். புது லைன் எதில் போடுவது என்றுதான் இன்னும் தீர்மானிக்கவில்லை. குழாய் கேஸ் வரும்வரை காத்திருக்கலாமா?

செல்வம்_பைப்லைன்

காத்திருந்தாலும் சரிதான். குழாய் கேஸ் கொடுப்பவர்கள் பொதுவாக உங்கள் பழைய லைனைத் தொட மாட்டார்கள், மீட்டரிலிருந்து அடுப்புவரை அவர்களே புதிதாகப் போடுவார்கள். அடுப்பின் ஜெட்டையும் (பர்னருக்குள் கேஸ் பீச்சுகிற சின்ன ஓட்டையுள்ள திருகு) மாற்றுவார்கள். அதே கன அளவில் எல்பிஜியில் இருக்கும் சூட்டில் பாதிக்கும் குறைவுதான் இயற்கை எரிவாயுவில், அதனால் ஓட்டை பெரிதாக வேண்டும். ஜெட் மாற்றாமல் எந்த அடுப்பையும் இதிலிருந்து அதற்கு மாட்டக் கூடாது. அப்போது டிடெக்டரையும் மேலே மாற்றுங்கள்.

அதுவரை ஒரு சிலிண்டரை அடுப்புக்குப் பக்கத்திலேயே, மேடைக்குக் கீழே கதவில்லாமல் நிமிர்த்தி வைத்து, புது சுரக்‌ஷா டியூப்பில் நேராக மாட்டிக்கொள்ளுங்கள். இன்னொன்று பால்கனியில் மூடியோடு நிற்கட்டும். லைன்தான் வேண்டும் என்றால் உங்கள் கேஸ் ஏஜென்சியிடம் சொல்லிவிட்டு, பிரேசிங் செய்த செம்பு, சுவருக்கு வெளியே, சிலிண்டர் பக்கம் ஒரு வால்வு, அடுப்புப் பக்கம் ஒரு வால்வு. முடிந்ததும் உங்கள் முன்னால் மானோமீட்டர் போட்டுக் காட்டிய பிறகு காசு கொடுங்கள்.

கார்த்தி_மடிப்பாக்கம்

சரி அண்ணா. சிலிண்டரைப் பக்கத்தில் வைத்து நேராக மாட்டிக்கொள்கிறோம், டிடெக்டர் ஒன்று ஆர்டர் போட்டாயிற்று. மேல் மாடி ஃபிளாட்டிலும் அதே பில்டர், அதே மாதிரி லைன். இன்று சாயந்திரம் அவர்கள் வீட்டிலும் மானோமீட்டர் போடச் சொல்லியிருக்கிறேன்.

ரேவதி_அம்பத்தூர்

அவர்கள் வீட்டு முடிவையும் இங்கே எழுதுங்கள் கார்த்தி. மூன்றாவது, நான்காவது மாடிக்கும் சொல்லிவிடுங்கள்.